ஒரு மூட்டை யூரியாவுக்கு 30 லிட்டர் டீசல்

ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் ஏறத்தாழ 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. மத்திய கால வயதுள்ள சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு இட வேண்டிய தழைச்சத்து 60 கிலோ. தழைச்சத்து என்பதும் நைட்ரஜன் என்பதும் ஒன்றுதான். ஆகவே தலைக்கு மேலுள்ள இருப்பில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு கிடைத்தாலே பயிருக்குப் போதும். இருந்தும் நெற்பயிர் இந்தக் காற்றிலேயே நின்றுகொண்டு தழைச்சத்து இல்லாமல் வெளிறிப் போகிறது. விவசாயி யூரியாவுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் காத்து நிற்கிறார்.

இதற்குக் காரணம் ஒன்றுதான். காற்றிலுள்ள நைட்ரஜன் தனித்தனி அணுக்களாக இல்லை. இரண்டிரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பைப் பிரித்தால்தான் அது பயிருக்கு உணவாகும். பிரிப்பதற்கு மிகுந்த சக்தி வேண்டும். அந்தச் சக்தியை யாராவது ஒருவர் கொடுத்தாக வேண்டும். தொழிற்சாலை கொடுத்தால் அது யூரியா. அவரைக் குடும்பத்துப் பயிர் கொடுத்தால் அது வேர் முடிச்சு. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட விவசாயி, வயலில் இட்ட யூரியா வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்.

பிணைப்பு என்றால் என்ன?

இரண்டு அணுக்கள் தம்மிடமுள்ள எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு சேர்ந்து நிற்பதையே இரசாயனப் பிணைப்பு என்கிறோம். ஒரு ஜோடி எலக்ட்ரான் பொதுவில் இருந்தால் ஒற்றைப் பிணைப்பு. இரண்டு ஜோடி இருந்தால் இரட்டைப் பிணைப்பு. மூன்று ஜோடி இருந்தால் மூன்று மடிப் பிணைப்பு. சேர்ந்து நிற்கும் அணுக்களைப் பிரித்து எடுக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, அதுவே அந்தப் பிணைப்பின் சக்தி எனப்படும்.

இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. விறகிலும் வைக்கோலிலும் சக்தி மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கிறது, பிணைப்பு அறுந்ததும் அது வெளியே கொட்டுகிறது என்று நினைக்கிறார்கள். இது சரியன்று. எந்தப் பிணைப்பை அறுத்தாலும் செலவுதான், வரவு கிடையாது. அணுக்கள் புதிதாகச் சேர்ந்து பிணைப்பு உண்டாகும்போதுதான் சக்தி வெளிவரும். அறுப்பதற்கு ஆன செலவைவிடப் புதிய பிணைப்புகளால் வந்த வரவு அதிகமானால் நமக்கு வெப்பம் கிடைக்கிறது. குறைவானால் நாம் கையிலிருந்து வெப்பம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சாண எரிவாயு அடுப்பை எடுத்துக்கொள்வோம். அதில் எரியும் பொருள் மீத்தேன். ஒரு மீத்தேன் மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. 16 கிராம் மீத்தேன் எரிய 64 கிராம் ஆக்சிஜன் தேவை. முதலில் இவ்விரண்டின் பழைய பிணைப்புகள் அனைத்தும் பிரிய வேண்டும். அதற்கு ஆகும் செலவு சுமார் 2,650 கிலோ ஜூல். பிறகு அதே அணுக்கள் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. இந்தப் புதிய பிணைப்புகளால் வரும் வரவு சுமார் 3,450 கிலோ ஜூல். கழித்துப் பார்த்தால் மீதி 800 கிலோ ஜூல். அடுப்பில் நாம் காணும் வெப்பம் இந்த மீதிதான்.

கிலோ ஜூல் என்பது வெப்பத்தை அளக்கும் அளவு. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 290 கிலோ ஜூல் வேண்டும். அப்படியானால் மேலே சொன்ன 800 கிலோ ஜூல், சிறிதும் சேதமில்லாமல் பாத்திரத்தில் இறங்கினால், இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.

இவ்வளவு இலாபம் தரும் எரிவாயு, அடுப்பைத் திறந்தவுடன் தானாக ஏன் எரிவதில்லை? தீக்குச்சி ஏன் வேண்டும்? பழைய பிணைப்புகளை அறுக்கும் செலவு முதலிலேயே வந்துவிடுகிறது என்பதே காரணம். விதையும் உரமும் வாங்கக் கையில் பணம் இல்லாதவர், அறுவடையில் எவ்வளவு இலாபம் வரும் என்று தெரிந்தாலும் சாகுபடியைத் தொடங்க முடியாது. தீக்குச்சி கொடுப்பது அந்த முதல் பணம். ஒரு முறை பற்றிக்கொண்டால் பின்னர் வரவிலிருந்தே செலவு நடந்துவிடும்.

நைட்ரஜனின் பிடிவாதம்

இப்போது காற்றுக்கு வருவோம். 2 கிராம் ஹைட்ரஜனில் உள்ள பிணைப்புகளைப் பிரிக்க 436 கிலோ ஜூல் போதும். 32 கிராம் ஆக்சிஜனுக்கு 498 கிலோ ஜூல். 28 கிராம் நைட்ரஜனைப் பிரிக்கவோ 945 கிலோ ஜூல் வேண்டும். மூன்று லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையே இருப்பது மூன்று மடிப் பிணைப்பு. நைட்ரஜன் அணுக்களின் ஒற்றைப் பிணைப்புக்கு 160 கிலோ ஜூல்தான் ஆகும். மூன்று சேர்ந்தால் 480 ஆக வேண்டும் என்று தோன்றும். ஆனால் மூன்றும் ஒன்றாகச் சேரும்போது ஆறு மடங்கு வலுவாகிவிடுகிறது.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், ஏறத்தாழ நான்கு பங்கு நைட்ரஜன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றோடொன்று சேராமல் இருப்பது இந்தப் பிடிவாதத்தால்தான். மின்னல் வெட்டும்போது அதன் பாதையில் ஏற்படும் கடும் வெப்பத்தில் மட்டும் சிறிதளவு நைட்ரஜன் பிரிந்து ஆக்சிஜனோடு சேர்கிறது. அது மழை நீரில் கரைந்து நைட்ரேட்டாக மண்ணில் இறங்குகிறது. இடி மின்னலோடு பெய்த மழைக்குப் பிறகு பயிர் பச்சை கட்டுகிறது என்று கிராமங்களில் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இவ்வாறு கிடைக்கும் அளவு மிகவும் சொற்பம். அதை நம்பி நெல் சாகுபடி செய்ய முடியாது.

தொழிற்சாலை வழி

காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் முறையை 1909-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி பிரிட்ஸ் ஹேபர் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். ஜெர்மனியில் ஓப்பாவ் என்னும் இடத்தில் 1913-இல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. ஹேபருக்கு 1918-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், பாஷுக்கு 1931-இல் நோபல் பரிசும் கிடைத்தன.

இதிலும் வரவு செலவு பார்க்கலாம். 28 கிராம் நைட்ரஜனும் 6 கிராம் ஹைட்ரஜனும் சேர்ந்தால் 34 கிராம் அம்மோனியா கிடைக்கும். பழைய பிணைப்புகளைப் பிரிக்கும் செலவு 2,253 கிலோ ஜூல். அம்மோனியாவின் புதிய பிணைப்புகளால் வரும் வரவு 2,346 கிலோ ஜூல். ஆக, 93 கிலோ ஜூல் மீதம் கூட இருக்கிறது.

மீதம் இருக்கும் வேலைக்கு ஏன் இவ்வளவு எரிபொருள் செலவாகிறது? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, முன்பணம். நைட்ரஜனின் பிணைப்பைத் தளர்த்தும் முதல் செலவு மிகப் பெரியது. இதைக் குறைக்க இரும்பு, கிரியா ஊக்கியாகப் பயன்படுகிறது. நைட்ரஜன் இரும்பின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும்போது அதன் பிணைப்பு தளர்ந்து, பிரிப்பது எளிதாகிறது. அப்படியும் 400 முதல் 500 டிகிரி வரை வெப்பம் வேண்டியிருக்கிறது. அந்த வெப்பத்தில் உண்டான அம்மோனியாவே மறுபடியும் சிதைய முற்படுவதால், அதைத் தடுக்கக் காற்றழுத்தத்தைப் போல் 150 முதல் 250 மடங்கு வரை அழுத்தமும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ஹைட்ரஜன். அது தனியாக எங்கும் கிடைப்பதில்லை. இயற்கை வாயுவிலுள்ள மீத்தேனையும் நீராவியையும் மிகுந்த வெப்பத்தில் சேர்த்துத்தான் ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கிறார்கள். அந்த வேலை வெப்பத்தைத் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறது. உர ஆலைக்குள் வரும் வாயுவில் பெரும்பகுதி இதற்கே போகிறது. பின்னர் அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்து யூரியாவாக்குகிறார்கள்.

தமிழ்நாட்டில் நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா தயாரித்தார்கள். மணலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள ஆலைகள் பல ஆண்டுகள் நாப்தாவைக் கொண்டு ஓடி, அண்மைக் காலத்தில் இயற்கை வாயுவுக்கு மாறின. மூலப்பொருள் எதுவானாலும் எரிபொருள் இல்லாமல் தழைச்சத்து இல்லை என்பதையே இது காட்டுகிறது. 2021, 2022 ஆண்டுகளில் உலகச் சந்தையில் இயற்கை வாயு விலை ஏறியபோது யூரியாவின் விலையும் கூடவே ஏறியது இதனால்தான். நம் நாட்டு உர ஆலைகளுக்கு வேண்டிய வாயுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது.

மூட்டைக் கணக்கு

நம் நாட்டு ஆலைகளில் ஒரு டன் யூரியா தயாரிக்க ஏறத்தாழ 650 லிட்டர் டீசலுக்கு ஈடான எரிசக்தி செலவாகிறது. இப்போது யூரியா மூட்டை 45 கிலோ. அப்படியானால் ஒரு மூட்டைக்கு ஆன எரிசக்தி சுமார் 30 லிட்டர் டீசலுக்குச் சமம். மூட்டையின் விலை குறைவாக இருப்பது அரசு கொடுக்கும் மானியத்தால். செலவான சக்தி குறையவில்லை.

45 கிலோ யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து. அதாவது 20.7 கிலோ. ஏக்கருக்கு மூன்று மூட்டை இட்டால் 62 கிலோ தழைச்சத்து, 90 லிட்டர் டீசல். நீர் நிற்கும் நெல் வயலில் சாதாரணமாக இடும் யூரியாவில் 30 முதல் 40 சதவிகிதம்தான் பயிருக்குப் போய்ச் சேர்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. பெரும்பகுதி ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது. 90 லிட்டர் டீசல் கொடுத்த விவசாயிக்கு 36 லிட்டருக்கான பலன்கூட முழுமையாகக் கிடைப்பதில்லை.

போகும் வழிகள் மூன்று. மண் மேலேயே கிடக்கும் யூரியா, மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதியால் சில நாட்களில் அம்மோனியாவாக மாறிக் காற்றில் பறக்கிறது. உவர், களர் நிலங்களில் இந்த இழப்பு அதிகம். நைட்ரேட்டாக மாறியது தண்ணீரோடு ஆழத்துக்கு இறங்குகிறது. மணற்பாங்கான நிலங்களில் இது அதிகம்.

மூன்றாவது வழி பலருக்கும் தெரியாதது. வயல் காய்ந்திருக்கும்போது உண்டான நைட்ரேட், பிறகு நீர் கட்டியதும் காற்றில்லாத சேற்றில் அகப்பட்டுக்கொள்கிறது. அங்குள்ள சிலவகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக இந்த நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கின்றன. முடிவில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மறுபடியும் அதே மூன்று மடிப் பிணைப்பில் சேர்ந்து, காற்றோடு காற்றாகப் போய்விடுகின்றன. அறுக்கச் செலவான சக்தி, சேரும்போது வரவாகிறது. அந்த வரவில் பிழைப்பது பாக்டீரியா, விவசாயி அல்ல. வழியில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவாகவும் வெளியேறுகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 270 மடங்கு வலியது.

நைட்ரஜன் பழைய பிணைப்புக்குத் திரும்பும்போது எவ்வளவு சக்தி வெளிவரும் என்பதை உலகம் பெரிய விபத்துகளில் கண்டிருக்கிறது. அதே ஓப்பாவ் ஆலையில் 1921 செப்டம்பர் 21-ஆம் தேதி அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரக் குவியல் வெடித்து 500-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வலுக்குறைந்த பிணைப்புகள் அறுந்து, வலுமிக்க நைட்ரஜன் பிணைப்பும் தண்ணீரின் பிணைப்பும் ஒரே நொடியில் உண்டானதால் வந்த வேகம் அது. யூரியாவுக்கு இந்தக் குணம் கிடையாது. ஆகவே வீட்டில் யூரியா மூட்டை வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வேர் முடிச்சு வழி

500 டிகிரி வெப்பமும் 200 மடங்கு அழுத்தமும் இல்லாமல் இதே வேலையைச் சாதாரண வெப்பத்தில் செய்துவிடும் உயிர் ஒன்று மண்ணில் இருக்கிறது. அதுவே ரைசோபியம் என்னும் பாக்டீரியா. அவரைக் குடும்பப் பயிர்கள் வேர் முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1886-88 ஆண்டுகளில் நிரூபித்தார்கள்.

முடிச்சுக்குள் நைட்ரோஜினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அதில் இரும்பும் மாலிப்டினமும் உண்டு. ஆலையில் இரும்புத் தூள் செய்யும் கிரியா ஊக்கி வேலையை இங்கே இந்த நொதி செய்கிறது. வெப்பம் வேண்டாமே தவிர, சக்தி வேண்டாம் என்று பொருளல்ல. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க, உயிர்களின் உடலில் சக்தியைக் கைமாற்றித் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளில் குறைந்தது 16 மூலக்கூறுகள் செலவாகின்றன. இந்த ஏ.டி.பி.யைத் தயாரிக்கப் பயிர் தன் இலையில் செய்த சர்க்கரையை வேருக்கு அனுப்புகிறது. ஒரு கிலோ தழைச்சத்தைச் சேர்க்க 10 கிலோவுக்கும் அதிகமான சர்க்கரை தேவைப்படுகிறது.

இந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? கரியமில வாயுவிலும் தண்ணீரிலும் உள்ள வலுவான பிணைப்புகளை இலை வெயிலின் சக்தியால் பிரித்து, வலுக்குறைந்த பிணைப்புகள் கொண்ட சர்க்கரையாகவும் ஆக்சிஜனாகவும் மாற்றி வைக்கிறது. ஆலை எரிபொருளைக் கொண்டு செய்வதைப் பயிர் வெயிலைக் கொண்டு செய்கிறது. வெயிலுக்கு விலை கிடையாது. அதைப் பிடிக்கும் இலைக்குத்தான் காவல் வேண்டும். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு வயலில் களை மூடி நிழல் விழுந்தாலும், புழு இலையைத் தின்றாலும், முடிச்சுக்குப் போகும் சர்க்கரை குறைந்து தழைச்சத்துச் சேமிப்பும் குறைந்துவிடும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்பதை விவசாயியே பார்த்துக்கொள்ளலாம். விதைத்து 30 முதல் 35 நாட்களில் சில செடிகளை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் பிளந்து பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நன்றாக வேலை செய்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் பகை. முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளவோடு வைத்திருக்கும் பொருளே அந்தச் சிவப்பு நிறத்தைத் தருகிறது. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு அது உறவு.

பயறுக்கு யூரியாவை அதிகம் இட்டால் முடிச்சு குறைந்துவிடும். தயாராகக் கிடைக்கும் தழைச்சத்து இருக்கும்போது, சர்க்கரை செலவழித்து முடிச்சை வளர்க்கப் பயிர் முன்வருவதில்லை. அதனால்தான் இறவைப் பயறுக்கு ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் 10 கிலோ சாம்பல்சத்தும், மானாவாரிப் பயறுக்கு இதில் பாதியும் அடியுரமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. ஏ.டி.பி.யில் மணிச்சத்து இருக்கிறது என்பதை நினைத்தால், பயறுக்குத் தழைச்சத்தைவிட மணிச்சத்து ஏன் அதிகம் வேண்டும் என்பதும் விளங்கும்.

வயலில் செய்ய வேண்டியவை

இனி, சக்திச் செலவில் வந்த தழைச்சத்தைக் காப்பாற்றும் முறைகளைப் பார்ப்போம்.

1. நெல்லுக்கு யூரியாவை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு தடவையாகப் பிரித்து இட வேண்டும். பயிர் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் கொடுத்தால் இழப்புக்கு இடமில்லை.

2. மேலுரம் இடும்போது வயலில் நிறைய நீர் நிற்கக் கூடாது. நீரை வடித்துச் சேறு தெரியும் நிலையில் யூரியாவைத் தூவி, களைக் கருவியை ஓட்டிச் சேற்றில் கலந்துவிட வேண்டும். மறுநாள் நீர் கட்டலாம். களை எடுப்பதற்கு முன் உரமிட்டால் களைக்கே விருந்தாகும்.

3. யூரியா இட்டபின் வயலை வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டு, பின் வெள்ளமாக நீர் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நைட்ரேட் உண்டாகி, சேற்றில் அகப்பட்டு, காற்றாகப் போகும் இழப்பு இப்படித்தான் நேர்கிறது. நீர் மறைய நீர் கட்டும் முறையைக் கையாளுவோர் மண் ஈரம் முழுதும் வற்றுமுன் நீர் பாய்ச்ச வேண்டும்.

4. இலை வண்ண அட்டையைப் பயன்படுத்த வேண்டும். நடவு செய்த 14-ஆம் நாளிலிருந்து ஏழு அல்லது பத்து நாட்களுக்கு ஒரு முறை, காலை நேரத்தில், பத்துச் செடிகளில் முழுதும் விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராகப் படாமல் தம் உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலைகளுக்கு மேல் நிறம் 4-ஆம் எண்ணுக்குக் குறைந்தால்தான் யூரியா தேவை. வெள்ளைப் பொன்னி இரகத்துக்கு 3-ஆம் எண்ணே போதும்.

5. 2015 முதல் நம் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்ப எண்ணெய் பூசி வருகிறது. வேம்பிலுள்ள பொருட்கள், அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகின்றன. அதற்கு முன்பே 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடும் வழக்கம் நம் விவசாயிகளிடம் உண்டு. அந்த முறையின் நோக்கமும் இதுவே. யூரியாவோடு சுண்ணாம்பு, சாம்பல் கலக்கக் கூடாது, அம்மோனியா பறந்துவிடும்.

6. புஞ்சைப் பயிர்களுக்கு யூரியாவை மண் மேல் தூவாமல், பயிர் வரிசைக்குப் பக்கத்தில் கோடு கிழித்து இட்டு மண்ணால் மூட வேண்டும். உடனே இலேசாக நீர் பாய்ச்சுவது நல்லது.

7. பயறு விதையை ரைசோபியம் கலந்து விதைக்க வேண்டும். ஒரு ஹெக்டேர் விதைக்கு மூன்று பொட்டலம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையோடு சேர்த்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பூசண மருந்து கலந்த விதையானால் 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் கலக்க வேண்டும். பொட்டலத்தை வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்துவிடும்.

8. சம்பாவுக்கு முன் இரண்டு மாத இடைவெளி கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். சணப்பும் கொழிஞ்சியும் கூட ஏற்றவை. தண்டு முற்றிவிட்டால் மக்குவதற்கு நாளாகும். நடவு வயலில் அசோலா வளர்த்து மிதித்துவிடுவதும் பயன் தரும். அசோலாவின் இலைக்குள் வாழும் நீலப் பச்சைப் பாசியும் இதே நைட்ரோஜினேஸைக் கொண்டுதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிரிக்கிறது.

மிச்சம் எவ்வளவு?

மூன்று மூட்டை இடும் வயலில் 40 சதவிகிதம் பயிருக்குச் சேர்ந்தால், பயிர் பெறும் தழைச்சத்து சுமார் 25 கிலோ. மேற்சொன்ன முறைகளால் அதை 50 சதவிகிதமாக உயர்த்தினால், அதே 25 கிலோவைப் பெற 50 கிலோ தழைச்சத்து இட்டால் போதும். அது ஏறக்குறைய 2.4 மூட்டை. அரை மூட்டைக்கும் அதிகமாக மிச்சம். ஒரு ஏக்கருக்கு 18 லிட்டர் டீசலுக்கு ஈடான சக்தி வீணாகாமல் நிற்கிறது. இதோடு ஆண்டுக்கு ஒரு முறை பயறோ பசுந்தாளோ சேர்ந்தால் மிச்சம் இன்னும் கூடும்.

பணமாகப் பார்த்தால் மானிய விலையில் அரை மூட்டை யூரியா பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் உரம் கிடைக்காத வாரத்தில் அந்த அரை மூட்டைதான் கதிர் உருவாகும் பருவத்துக்கு உதவும். தழைச்சத்து மிஞ்சிய பயிரில் குலை நோயும் இலைச் சுருட்டுப் புழுவும் புகையானும் அதிகம் வரும் என்பதையும், பயிர் சாய்ந்துவிடும் என்பதையும் அனுபவத்தில் கண்ட விவசாயிகள் மருந்துச் செலவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

நைட்ரஜனின் பிணைப்பை யாரும் இலவசமாக அறுத்துக் கொடுப்பதில்லை. வாயு கொடுக்க வேண்டும், அல்லது வெயில் கொடுக்க வேண்டும். ஒரு முறை சக்தி கொடுத்து வாங்கிய தழைச்சத்தை மறுபடியும் காற்றுக்கே விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது விவசாயியின் கையில் இருக்கிறது. இந்தப் பட்டத்தில் மேலுரம் இடுவதற்கு முன் இலை வண்ண அட்டை ஒன்றை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்கி, சொந்த வயலில் ஒரு மூலையிலாவது பயன்படுத்திப் பார்க்கலாம். அறுவடையில் அந்த மூலையின் நெல்லைத் தனியாக அளந்து பார்த்தால் கணக்கு தானாகத் தெரியும்.